பத்தாவது கிலோமீட்டர்

"குறுக்கால வந்தவளுக்குக் கோப்பை இன்னாத்துக்கு? யாராச்சும் சொல்லுங்க, இன்னாத்துக்கு?"

கோகுல்ராஜ் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினான். அது அணைக்கப்படவில்லை என்பதை மறந்துவிட்டான் என்று அவன் ஆட்கள் பிறகு சொன்னார்கள். மறக்கிற ஆள் இல்லை அவன். சந்தைமேடு முழுக்கக் கேட்டது. புளி உலுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட மரத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள்.

"யாரு குறுக்கால வந்தது? நீங்க பாத்தீங்களா?" என்றாள் நதியா. மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பாக்கணுமா? நாப்பத்தி மூணு நிமிஷம். பத்து கிலோமீட்டர். மேடும் பள்ளமும். ஒரு பொம்பளப் புள்ளைக்கு இது நடக்கிற காரியமா?"

"நடக்கலண்ணா. ஓடுனேன்."

கூட்டம் சிரித்தது. கோகுல்ராஜுக்கு அந்தச் சிரிப்புத்தான் ஆகவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. போளூரில் மொபைல் கடை வைத்திருப்பவன். 'விடியல் ஓட்டக் குழு' என்று நாற்பது பேரைச் சேர்த்து, இரண்டு வேனில் ஜவ்வாது மலைக்கு ஏற்றிவந்து, முதல் முறையாக மலையில் பந்தயம் நடத்துகிறவன். தானே நடத்தி, தானே ஓடி, தானே ஜெயிப்பதாக ஏற்பாடு. கீழ்தும்பக்காட்டு ரங்கன் மகள் காலையில் பேர் கொடுத்து, பள்ளிக்கூடக் காலத்துக் கான்வாஸ் ஷூவில் ஓடி, அவனுக்கு முன்னால் ரிப்பனை அறுத்துவிட்டாள்.

"நீங்க எவ்ளோ நேரம்ணா?" என்று கேட்டாள் சசிகலா. சந்தைமேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள். நதியா அவளிடம்தான் வேலை செய்கிறாள்.

"நாப்பத்தஞ்சு."

"போன மாசம் அம்பத்தி நாலுன்னு ஸ்டேட்டஸ் போட்டிருந்தீங்களே?"

"மலைக்காத்து ஒத்துக்கிச்சு."

"எங்க காத்து உங்களுக்கு ஒத்துக்கும், எங்களுக்கு ஒத்துக்காதா? நல்லா கீதே நாயம்!"

பேச்சு அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. நதியாவின் அம்மா செல்லியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளின் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். மலையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நதியா காளியம்மன் கல்லைப் பார்த்து நின்று, "ரோட்ட வுட்டு எறங்கல, குறுக்கால வரல" என்று சொல்லி, கற்பூரத்தைக் கல்லின் முன்னால் போட்டு அணைத்தாள். ஊரே வாயை மூடிக்கொண்டது.

கோகுல்ராஜ் மட்டும் மூடவில்லை. "சாமிக்குக் கிலோமீட்டர் தெரியாதும்மா" என்றான். பெண்களுக்கான கோப்பை பதினோரு நிமிடம் பின்னால் வந்த ஒரு போளூர் டீச்சர் கைக்குப் போனது. அந்தம்மா அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேன் இறங்கிப் போய்விட்டது. பட்டப்பேர் மட்டும் இறங்காமல் ஊரிலேயே தங்கிவிட்டது.

'குறுக்கு நதியா.' மலையில் வேறு நதியாக்கள் இருந்ததால் அடையாளத்துக்கு வசதியாகவும் போயிற்று. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "ஸ்டாப்புல எறங்குறியா, குறுக்குல எறங்குறியாம்மா?" என்று கேட்பார். அவருக்கு அது ஒரு தமாஷ். நாளைக்கு நான்கு டிரிப்பும் அதே தமாஷ். புலியூர்ப் பக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் சாமைப் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, போகும்போது செல்லியம்மாளிடம், "அந்தக் கோப்பை விவகாரம் உங்க பொண்ணுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

"வுடுமே, அவன் யாரோ நாம யாரோ" என்றார் ரங்கன்.

"வுட மாட்டேன் நைனா" என்றாள் நதியா. அவள் அப்படிச் சொன்னபோது இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாளாம். கரைத்த வேகத்தில் பாதி மாவு வெளியே இருந்தது என்று செல்லியம்மாளே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் எப்படி விடாமல் இருப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. வழியைக் காட்டியவன் கோகுல்ராஜேதான்.

இரண்டு மாதம் கழித்து பிரிண்டருக்கு மை வாங்கப் போளூருக்குப் போனவள், அவன் கடை வாசலில் பெரிய ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். ஆரஞ்சுக் கால்சட்டையில் கோகுல்ராஜ். 'மலையை வென்ற மைந்தன்! 10 கி.மீ. – 45 நிமிடம்!' அவன் தொடைக்குப் பக்கத்தில், அவன் கைக்கடிகாரம் பதிவு செய்த வரைபடம். ஓடிய வழி சிவப்புக் கோடாக. நதியா எதிர்ப்பக்கத்தில் ஒரு கரும்புச் சாறு வாங்கி, குடித்து முடிக்கும் வரை அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் படத்தைப் பெரிதாக்கினாள். சிவப்புக் கோடு கீழ்தும்பக்காடு பஸ் ஸ்டாப்பில் தொடங்கியது. அது சரி, அங்கிருந்துதான் எல்லோரும் ஓடினார்கள். ஆனால் 'தும்பக்காடு' என்ற எழுத்து அந்தக் கோட்டுக்கு வெகு மேலே, கோடு எட்டாத இடத்தில் இருந்தது.

நதியா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பிசகு மலைக்கு ரொம்பப் பழையது. தும்பக்காடு என்று தேடினால் ஆன்லைன் மேப் எப்போதும் மேல்தும்பக்காட்டில்தான் கொண்டுபோய் நிறுத்தும். பார்சல் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் முதலில் மேலே போய், நாயிடம் துரத்தல் வாங்கிக்கொண்டு, பிறகுதான் கீழே வருவார்கள். மேலூருக்கு பஸ் கிடையாது. ஆகவே பந்தயம் கீழூர் ஸ்டாப்பில் தொடங்கியது. கோகுல்ராஜோ போளூரில் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப்பேரைத் தட்டி, சந்தைமேடு வரைக்கும் தூரம் பார்த்து, பத்து வந்ததும் நோட்டீஸ் அடித்துவிட்டான்.

சென்டருக்கு வந்ததும் மேப்பைத் திறந்து, தூரம் அளக்கிற வசதியைப் போட்டு, பஸ் ஸ்டாப்பில் முதல் புள்ளியை வைத்தாள். வளைவுக்கு வளைவு கிளிக். கொண்டை ஊசி வளைவுகளில் பத்தடிக்கு ஒரு கிளிக். சந்தைமேட்டுக் காளியம்மன் கல்லில் கடைசிப் புள்ளி.

எட்டு புள்ளி ஆறு.

"சசிக்கா! இங்க வாயேன்!"

சசிகலா எட்டிப் பார்த்து, "அட களவாணி!" என்றாள். "அப்போ அவன் நாப்பத்தஞ்சு நிமிஷமும் பொய்யா?"

"அவன் வாட்ச்ல எட்டு ஆறுன்னுதான் காட்டியிருக்கும்க்கா. நம்பர மறைச்சிட்டு மேப்ப மட்டும் ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கிறான். நம்பர் கேட்டா, காட்டுக்குள்ள சிக்னல் இல்லன்னு சொல்லுவான்."

அன்று மதியம் அவள் பாடிக்கொண்டே சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களைப் பதிவு செய்தாள். சாயங்காலம் ஆசை அடங்காமல் இன்னொரு வேலை செய்தாள். தான் ஓடிய வழியைத் தானே, ஒவ்வோர் அடியையும் நினைத்துப் பார்த்து, சாட்டிலைட் படத்தின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். இங்கே தண்ணீர்க் குழாய், இங்கே கோகுல்ராஜைத் தாண்டினோம், இங்கே மூன்றாவது வளைவு, இங்கே பெரிய புளியமரம், மரத்துக்குப் பின்னால் பாறை, பாறையைத் தாண்டி மறுபடி தார்.

மறுபடி தார்.

விரல் அப்படியே நின்றது. படத்தில் தார் ரோடு அந்தப் புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு பெரிதாக வளைந்து போனது. அவள் வைத்த புள்ளிகள் மரத்துக்குப் பின்னால் நேராகப் போயின. அதுதான் அவர்கள் பள்ளிக்கூடம் போன வழி, சந்தைக்குப் போகிற வழி, பிணம் போனாலும் போகிற வழி. கீழூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் ரோடு என்பார்கள். தார் வளைவு பஸ்ஸுக்கு, மனுஷருக்கு இது. அவள் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை. அவள் கால் ரோடு என்று நினைத்ததை விட்டு.

அளந்தாள். தார் வழி இருநூற்றுப் பத்து மீட்டர். கால் வழி எழுபது.

நூற்று நாற்பது மீட்டர். அதையும் ஓடியிருந்தால் இன்னும் முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். அப்போதும் அவனுக்கு முன்னால்தான் வந்திருப்பாள். ஆனால் அந்தச் சமாதானம் கற்பூரத்துக்கு ஒத்துவராதே. கையில் நெருப்பை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் படுபாவி கண்ணால் பார்க்காமல், மனதால் நினைக்காமல், வாய்க்கு வந்ததைச் சொன்னான். அது உண்மையாகப் போய்த் தொலைந்தது. பொய்யனாக இருந்தும் சரியாகச் சொன்னான் என்பதற்காக அவனை இன்னும் கொஞ்சம் வெறுத்தாள்.

இதை அவள் சசிகலாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே கோழியும் குடமுமாகக் காளியம்மன் கல்லுக்கு இழுத்துப் போய்விடுவாள். கோகுல்ராஜ் கேள்விப்பட்டு இன்னொரு ஃப்ளெக்ஸ் வைப்பான். முதலில் அவனை இழுத்துப் போட வேண்டும். பிறகு சாமி.

அதன் பின் அவள் அடுத்த பந்தயம் வரை காத்திருந்தாள். வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் அவளை அறியாதவர்கள். சசிகலா நம்பரில் விடியல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டாள். தினமும் ஆறு பத்துக்குக் கோகுல்ராஜ் போடுவான்: 'இன்றும் பத்து!' ஏரிக்கரையைச் சுற்றி ஐந்து ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு. நதியா பல் தேய்த்துக்கொண்டே அளந்தாள். ரவுண்டு ஒன்றே முக்கால்தான். ஆரணி ரோட்டில் 'பதினைந்து' என்றான், பதிமூன்று. ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் போனில் தனியாகச் சேர்த்தாள். அதைத் திறந்து பார்த்தால் சில நாள் பசிகூட எடுக்காது அவளுக்கு. மற்ற நேரத்தில் ஓடினாள். கீழூரிலிருந்து சந்தைமேடு, அங்கிருந்து மேலே ஏறும் செங்குத்து ரோட்டில் தண்ணீர் டேங்க் வரை. தார் மேலேயே. ஒரு வளைவு விடாமல்.

தையில் இரண்டாம் பந்தயத்துக்கு அனுமதி கேட்டுக் கோகுல்ராஜ் வந்தபோது ஊரார், நதியா சொல்லி வைத்திருந்தபடி, ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "எங்க ரோட்ல ஓடுறதுன்னா எங்க அளவுல ஓடுங்க. நோட்டீஸ், கோடு, ரிப்பன் எல்லாம் எங்க புள்ளைங்க பாத்துக்கும்." அவனுக்கு அப்போது வேறு கவனம். கணியம்பாடியில் பெண் பேசியிருந்தார்கள். சுவேதா என்று பேர். அப்பா பூபாலன், ரிட்டயர்டு சர்வேயர். பந்தயத்துக்குப் பெண் வீட்டாரை அழைத்துவந்து, சந்தைமேட்டில் சாமியானா போட்டு உட்காரவைத்து, ரிப்பன் அறுத்துக் காட்டுவதாக அவன் திட்டம்.

"நீங்களே அளங்கப்பா. கூப்பிடு தூரம் எத்தினி கிலோமீட்டர்னு மட்டும் தெரிஞ்சி வெச்சுக்குங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

நோட்டீஸை நதியா தட்டச்சு செய்தாள். 'ஆரம்பம்: கீழ்தும்பக்காடு பஸ் ஸ்டாப். முடிவு: பத்தாவது கிலோமீட்டர்.' கோகுல்ராஜ் அதைப் படிக்காமலே குழுவில் போட்டு, கீழே நான்கு கட்டைவிரலும் வைத்தான்.

பந்தயத்தன்று காலையில் தார் மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுண்ணாம்புக் கோடு. கோகுல்ராஜ் புது ஷூ, புதுக் கண்ணாடி. கோட்டில் நதியாவைப் பார்த்ததும், "இன்னாம்மா குறுக்கு, இந்தத் தபா எந்த வழி?" என்றான்.

"உங்க பின்னாலயே வர்றேண்ணா. நீங்க போற வழிதான்."

சொன்னபடியே வந்தாள். இருபது அடி பின்னால், அவன் மூச்சு கேட்கிற தூரத்தில். தாண்டுவதற்கு மூன்று இடத்தில் தோது கிடைத்தும் தாண்டவில்லை. புளியமரத்து வளைவில் மட்டும், தாரின் வெளி ஓரமாக, தேவைக்கு அதிகமாகவே சுற்றி ஓடினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சந்தைமேடு தெரிந்ததும் கோகுல்ராஜ் பிடித்தான் ஓட்டம். இருந்த சக்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சாமியானா, நாற்காலியில் சுவேதா, பக்கத்தில் பூபாலன், கைதட்டல். இரண்டு கையையும் தூக்கி, நெஞ்சை முன்னால் தள்ளி, காளியம்மன் கல்லைத் தாண்டி நின்றான்.

ரிப்பன் இல்லை.

காலடியில் தார் மேல் வெள்ளையாக எழுதியிருந்தது: '8.6 – போன வருசம் இங்கதான் முடிஞ்சது. இன்னும் 1.4.' அம்புக்குறி தண்ணீர் டேங்க் மேட்டைக் காட்டியது.

"வழி வுடுங்கண்ணா" என்றாள் நதியா. அவனைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டியதை முதுகாலேயே பார்த்துக்கொண்டாள். கோகுல்ராஜ் முழங்காலைப் பிடித்துக் குனிந்து, காலையில் தின்றதை எல்லாம் சுவேதாவின் செருப்புக்கு நான்கடி தள்ளிக் கக்கினான்.

அவள் டேங்கில் ரிப்பனை அறுத்துவிட்டு இறங்கி வந்தபோது அவன் மைக்கைப் பிடித்திருந்தான்.

"ரோட்ட மாத்திட்டாங்க! ஏமாத்து வேல! பத்து கிலோமீட்டர் இங்கதான் முடியுது!"

"எங்க முடியுதுன்னு அளந்து பாத்தா போச்சி" என்றாள் நதியா. சசிகலா லேப்டாப்பைக் கொண்டுவந்து பூபாலன் முன்னால் வைத்தாள். மேப், புள்ளிகள், மேலூரில் நிற்கும் எழுத்து, கீழூரில் தொடங்கும் கோடு, ஃப்ளெக்ஸின் படம், அதற்குப் பின்னால் ஏரிக்கரை ரவுண்டுகள் ஒவ்வொன்றாக. முப்பத்தைந்து வருடம் நிலம் அளக்கச் சங்கிலி இழுத்த மனுஷன் பூபாலன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தானே ஒரு தரம் புள்ளி வைத்து அளந்தார். நிமிர்ந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"எட்டு ஆறுதான் மாப்ள" என்றார். "உங்க வாட்ச் இன்னா சொல்லிச்சு?"

"சிக்னல்ங்க... மலையில..."

"ஏரிக்கரையிலயுமா சிக்னல் இல்ல?"

விடியல் குழுவிலிருந்த மோகன் என்பவன் இருமுவதுபோல் சிரித்தான். கோகுல்ராஜுக்குக் கண் சிவந்துவிட்டது.

"என்னோடது தப்பாவே இருக்கட்டும்! இவ குறுக்கால வர்லயா? மறுபடி கற்பூரம் ஏத்தச் சொல்லுங்க! ஏத்துறியா?"

கூட்டம் நதியாவைப் பார்த்தது. ஏற்றினால் முடிந்தது, இந்தத் தடவை அவன் வாயை ஊரே அடைத்திருக்கும். செல்லியம்மாள் முந்தானையில் கற்பூரம்கூடத் தயாராக இருந்தது.

"ஏத்த மாட்டேன்" என்றாள் நதியா.

காளியம்மன் கல்லைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"போன வருசம் புளியமரத்துக்குப் பின்னால வந்தேன். நம்ம வழின்னு கால் போயிடுச்சி, நெனப்பு இல்ல. மேப்ல அளந்தப்பதான் தெரிஞ்சது. நூத்தி நாப்பது மீட்டர். தப்பு என்னோடது, கல்லு முன்னால ஒத்துக்கிறேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நான் எடுத்தது நூத்தி நாப்பது, தெரியாம. நீங்க எடுத்தது ஆயிரத்தி நானூறு, வாட்ச்ல பாத்துக்கினே. சாமிக்குக் கிலோமீட்டர் தெரியும்ணா."

செல்லியம்மாள் மகள் தலையில் ஒன்று வைத்தாள். உடனே அதே தலையைக் கட்டிக்கொண்டாள். ஊரார் பத்து நிமிடம் தள்ளி நின்று பேசினார்கள். முடிவை ரங்கனைக்கொண்டே சொல்லவைத்தார்கள், அது ஊர் வழக்கம்.

"எடுத்தத அவங்கவங்க திருப்பிக் கட்டணும்" என்றார் ரங்கன். "எம்பொண்ணு அந்த வளைவ வெறுங்காலோட ஓடட்டும். தம்பி, நீங்க டேங்க் வரைக்கும்."

"நானா? இன்னா பேசுறீங்க?"

"கட்டலன்னா அடுத்த வருசம் எங்க ரோடு இல்ல."

நதியா வேப்பிலைக் கொத்தோடு அந்த வளைவை வெறுங்காலில் ஓடி முடித்தாள். திரும்பி வந்து, கால் எரிகிறதே என்று உட்காரவும் இல்லை, மேட்டடியில் நின்றுகொண்டாள். கோகுல்ராஜ் ஏறினான். கூட ஊரே நடந்தது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நதியா கூடவே நடந்து சத்தமாக எண்ணிச் சொன்னாள்: "இன்னும் எண்ணூறுண்ணா... இன்னும் எழுநூறு..." அப்படி ஓர் அன்பான குரலில் அவள் அதற்கு முன் பேசியதில்லை, பின்னும் இல்லை.

சுவேதா வீட்டுக் கல்யாணம் அத்தோடு நின்றது. குணம் சரியில்லை என்று பூபாலன் சொல்லவில்லை; "அளவு சரியில்ல" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த ஆவணியில் சுவேதா, இருமல்காரன் மோகனைக் கட்டிக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டாள். அந்த இருமலைச் சாமியானாவில் அவளும் கவனித்திருக்கிறாள் என்று தெரிகிறது. சசிகலாவுக்குச் செங்கத்தில் மாப்பிள்ளை அமைந்து, சென்டரை நதியா கையில் விட்டுவிட்டுப் போனாள். புலியூர்க்காரர்கள் மறுபடி பெண் கேட்டு வந்தார்கள். இந்தத் தடவை நதியா பாயசம் வைக்கவில்லை. அவர்கள் போன பிறகு, இருக்கட்டும், பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கோகுல்ராஜ் கடையைக் காலி செய்துகொண்டு ஓசூரில் போய் உட்கார்ந்தான். அங்கேயே ஒரு பெண்ணும் பார்த்தார்கள். போன மாதம் விடியல் குழுவில் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவனை யாரும் குழுவிலிருந்து நீக்கவில்லை, நதியாதான் நீக்கவிடவில்லை. பத்திரிகையின் கடைசி வரியில், 'மண்டபம் பஸ் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர்' என்று போட்டிருந்தது.

நதியா சென்டரைத் திறந்ததும் முதல் வேலையாக மேப்பைப் போட்டு அளந்தாள். ஒன்று புள்ளி ஒன்று. வாழ்த்துக்குக் கீழே அதையும் அனுப்பிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனாள்.